ஆட்டோகிளேவ் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்

பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. கீழ்க் கடவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்க வேண்டும். உள்ளூர்ப் பல் டாக்டர் கைராசிக்காரர், ஆனால் கிளினிக் பழசு. கோயமுத்தூரில் கண்ணாடி போட்ட கட்டடத்தில் இருக்கும் கிளினிக்கில் அதே வேலைக்கு நாலு மடங்கு கேட்கிறார்கள். "எது சுத்தமான இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவிகளைக் கொதிக்க வைத்தால் போதாதா?" என்பது கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "டாக்டரிடமே கேட்டால் தப்பா நினைப்பாரோ?" எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. வாயைத் திறந்து படுத்திருக்கும் ஒருவர், மருத்துவரின் மனம் நோகாமல், தன் கண்ணால் எதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வரலாம் என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் காங்கேயம் பக்கம் 24 வருடமாகப் பல் வைத்தியம் பார்க்கிறேன். நுண்ணுயிரியல் நிபுணன் இல்லை. தினமும் கருவிகளைக் கழுவி, அடுக்கி, அதில் தப்பும் செய்து, திருத்திக்கொண்டவன் என்ற அளவில்தான் என் பேச்சு. நீங்கள் சொல்லும் இரண்டு கிளினிக்குகளையும் நான் பார்த்ததில்லை, ஆகவே இன்னது சுத்தம் இன்னது அசுத்தம் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். எதை எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

முதலில் கொதிநீர். போதாது. ஏன் போதாது என்பதைப் பலர் தப்பாகச் சொல்கிறார்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவிய கருவியை 20 நிமிடம் கொதிக்க விட்டால் எச்.ஐ.வி. செத்துவிடும், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸும் செத்துவிடும். சனங்கள் பயப்படுகிற இரண்டுமே அதில் போய்விடும். தப்பிப்பது, கெட்டியான ஓட்டுக்குள் வித்து மாதிரி ஒடுங்கிக் கிடக்கும் சில பாக்டீரியாக்கள். டெட்டனஸ் கிருமி அந்தச் சாதி. கொதிநீரில் நெடுநேரம் கிடந்தாலும் அவை பிழைத்து வரும். இன்னொன்று, தண்ணீர் எல்லா ஊரிலும் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. கோயமுத்தூர் கடல்மட்டத்துக்குச் சுமார் 410 மீட்டர் மேலே இருப்பதால் அங்கே ஒன்றரை டிகிரி போல முன்னாலேயே கொதித்துவிடும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் 92, 93 டிகிரியோடு சரி. அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

கருவிகளில் இருக்கும் கிருமியை நீராவியால் கொல்லும் ஆட்டோகிளேவ் என்பது அந்தக் குக்கருக்கு அண்ணன், அவ்வளவுதான். ஒரு சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் ஏற்றினால் நீராவி 121 டிகிரிக்குப் போகும். பைக்குள் போட்ட கருவிகளை அந்தச் சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றை முதலில் உறிஞ்சி வெளியேற்றிவிடும் வகை இயந்திரமாக இருந்தால் 134 டிகிரியில் 3, 4 நிமிடம் போதும். இங்கே எதிரி காற்று. எங்கே காற்று தங்குகிறதோ அங்கே நீராவி புகாது. இட்லித் தட்டுக்கு ஓட்டை எதற்கு வைத்திருக்கிறார்கள்? ஓட்டையை அடைத்து, தட்டுகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்தால் நடுத்தட்டு இட்லி மாவாகவே இருக்கும். ஆட்டோகிளேவுக்குள் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்தாலும் அதே கதைதான். வெளியே மீட்டர் 121 காட்டும், நடுவில் இருக்கும் குறடுக்கு அந்தச் சூடு போயிருக்காது.

நம்ம ஊரில் இதற்கு இரண்டு தனித் தொல்லைகள். ஒன்று தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற கோவைக்காரர்களுக்கு இது புரியாது. காங்கேயம், பெருந்துறை, திருப்பூர் பக்கத்து போர் தண்ணியை ஊற்றினால் நாலே மாதத்தில் இயந்திரத்துக்குள் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து வால்வு அடைத்துக்கொள்ளும், கருவிகளில் புள்ளி விழும். காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். இன்னொன்று கரண்ட். ஆட்டோகிளேவின் ஹீட்டரை கிளினிக்கில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டர் இழுக்காது. பாதிச் சுற்றில் கரண்ட் போய்விட்டால், வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். சாயங்காலம் வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது இதைச் செய்வதற்கு மனசு வர வேண்டும்.

ஆட்டோகிளேவுக்கு முன்னாடியே ஒரு கட்டம் இருக்கிறது, அதை யாரும் கேட்பதே இல்லை. கழுவுவது. கருவியின் பல்லிடுக்கில் காய்ந்த இரத்தம் ஒட்டியிருந்தால் அதற்கு அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். தேய்க்காத பாத்திரத்தைக் குக்கரில் வைத்தால் அது வெந்த அழுக்குப் பாத்திரம்தானே. முடிந்த உடனே ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்தோ, ஒலி அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டோ சுத்தம் செய்து, துடைத்து, பிறகுதான் பை.

அந்தப் பைதான் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் பொருள். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை. சூடு பட்டால் பட்டையின் நிறம் மாறும். எந்த நிறத்திலிருந்து எந்த நிறம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அது பையிலேயே அச்சாகியிருக்கும். உங்கள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் கண்முன்னால் பையைப் பிரிக்கிறார்களா, தேதி எழுதியிருக்கிறதா, பை ஈரமாகவோ கிழிந்தோ இருக்கிறதா என்று பாருங்கள். ஈரக் காகிதம் வழியாகக் கிருமி உள்ளே போகும், ஆகவே நனைந்த பை திறந்த பைக்குச் சமம். அவசரத்தில் உலரும் முன்பே வெளியே எடுத்தால்தான் பை நனைந்திருக்கும்.

நிறம் மாறிய பட்டையைப் பார்த்து முழுசாக நிம்மதி அடையவும் வேண்டாம். அது "இந்தப் பை சூட்டைப் பார்த்திருக்கிறது" என்று மட்டும் சொல்லும், கிருமி செத்ததா என்று சொல்லாது. அதைச் சொல்ல ஒரே வழி, சூட்டுக்கு மிகவும் தாக்குப்பிடிக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் தடவிய சீட்டையோ குப்பியையோ கருவிகளோடு சேர்த்து உள்ளே வைத்து, பிறகு அதை வளர்த்துப் பார்ப்பது. ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்று அதற்கு வாயில் நுழையாத பெயர். வளரவில்லை என்றால் இயந்திரம் சரி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வாரம் ஒரு தடவையாவது இதைச் செய்யச் சொல்கிறது. நான் தொழில் தொடங்கிய முதல் சில வருடங்களில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் முறை செய்தபோது வித்து வளர்ந்துவிட்டது. கதவு ரப்பர் தேய்ந்து ஆவி கசிந்துகொண்டிருந்திருக்கிறது, மீட்டரைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நீல வெளிச்சம் எரியும் கண்ணாடி அலமாரியைச் சில இடங்களில் முன்னாலேயே வைத்திருப்பார்கள், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். புற ஊதா ஒளி பட்ட மேற்பரப்பில்தான் வேலை செய்யும், நிழல் விழும் பக்கத்தைத் தொடாது. சுத்தம் செய்து முடித்ததை எடுத்து வைக்கும் அலமாரி அது, சுத்தம் செய்யும் இயந்திரம் அல்ல. குளுட்டரால்டிஹைட் என்ற கிருமிநாசினிக் கரைசலில் அரை மணி நேரம் போட்டு எடுப்பதும் அப்படித்தான். வித்துகளையும் சேர்த்துக் கொல்ல அதற்குப் 10 மணி நேரம் வேண்டும். சூடு தாங்காத பொருட்களுக்கு அது சரி. எஃகுக் குறடுக்கு அது சோம்பேறித்தனம்.

பல்லைக் குடையும் ஏரோட்டரைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், நீங்களே போட்டுப் பார்க்கலாம். அது நிமிடத்துக்கு மூன்று, நான்கு லட்சம் சுற்று சுற்றும். நிற்கும் நொடியில் வாயிலிருக்கும் எச்சிலையும் இரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடும். வெளியே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் உள்ளே இருப்பது அங்கேயேதான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு ஆளுக்கும் எண்ணெய் விட்டு, பையில் போட்டு, ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். ஒரு சுற்று, உலர்வதோடு சேர்த்து, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. சாயங்காலம் 5 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில் 12 பேருக்குப் பல் குடைகிற இடத்தில் மொத்தம் இரண்டே ஏரோட்டர் இருந்தால் கணக்கு இடிக்கிறது இல்லையா? அம்மாவுக்கு வெறும் பிடுங்கல் என்றால் இது பெரும்பாலும் தேவைப்படாது. பல் உள்ளே புதைந்திருந்தால் தேவைப்படும்.

இதுவரை சொன்னதெல்லாம் இயந்திரம். உங்களை மாதிரி விவரம் தெரிந்தவர்கள் கேட்பதும் இயந்திரத்தைப் பற்றித்தான். ஆனால் நம் மாநிலத்தில் நடந்த மிக மோசமான சம்பவத்தைப் பார்த்தால் கவனம் வேறு பக்கம் போக வேண்டும் என்று தெரியும். 2022 ஜூலையிலிருந்து 2023 ஏப்ரல் வரை திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற நோய் வந்தது. வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா அதற்குக் காரணம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் அரசின் பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் துருவிப் பார்த்ததில், அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். ஆய்வு 2025-ல் வெளியானது. வழி என்ன தெரியுமா? சலைன் பாட்டில். ஈறை எலும்பிலிருந்து விலக்குகிற கருவியால் பாட்டிலைக் குத்தித் திறந்து, கழுவ வேண்டியதைக் கழுவிவிட்டு, பாட்டிலின் வாயை லேசாக மூடி வைத்து, மிச்சத்தை அடுத்தடுத்த ஆட்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த மருத்துவர்மேல் வந்த கோபத்தைவிட, நம் எல்லோர் மேஜையிலும் அந்தப் பாட்டில் இருந்திருக்கிறதே என்ற நடுக்கம்தான் அதிகம். ஒரு பல் பிடுங்கிய குழியைக் கழுவ 30, 40 மில்லி போதும். பாட்டிலோ 500 மில்லி. மீதியைக் கொட்ட எவனுக்கு மனசு வரும்? அதிலும் நாம் கொங்கு நாட்டுக்காரர்கள், சோப்புத் துண்டு தேய்ந்தால் புதுசோடு ஒட்டி வைத்துப் போடுகிறவர்கள். வீட்டில் அது நல்ல குணம். சலைனில் கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் கலப்பதில்லை. திறந்து, பஞ்சு வைத்து மூடி, மேஜையில் வைத்தால் அது வெறும் உப்புத் தண்ணீர். என்னதான் 134 டிகிரியில் வேகவைத்த குறடாக இருந்தாலும், அதற்கப்புறம் அந்தத் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் ஆட்டோகிளேவுக்குக் கட்டிய கரண்ட் பில் தண்டம். 100 மில்லி பாட்டில் கடையில் கிடைக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில், மிச்சம் சாக்கடைக்கு. அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன், மெலியாய்டோசிஸுக்கு மிகவும் சுலபமாக ஆட்படுகிறவர்கள் சர்க்கரைக்காரர்கள்தான்.

மரத்துப்போகும் ஊசி மருந்திலும் இதே மிச்சப் பிரச்சனை உண்டு. லிக்னோகெய்ன் நம் ஊரில் பெரும்பாலும் 30 மில்லி குப்பியில்தான் வருகிறது. ஒரு ஆளுக்கு 2 மில்லி போதும், ஆகவே குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். புது சிரிஞ்சு, புது ஊசியால் உறிஞ்சும்வரை இதில் தப்பில்லை. தப்பு நடப்பது இப்படி. ஊசி போட்டாயிற்று, ஐந்து நிமிடம் ஆயிற்று, குறடை வைத்ததும் நோயாளி "வலிக்குதுங்க" என்கிறார். இன்னும் ஒரு மில்லி வேண்டும். கையில் அதே சிரிஞ்சு, அதே ஊசி, இரண்டு அடி தள்ளிக் குப்பி. கை தானாகப் போய் அந்த ஊசியை ரப்பர் மூடிக்குள் இறக்கிவிடும். அந்த ஊசி முனையில் இருந்தது ஒரு துளியில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது, ஆனால் இப்போது அது குப்பிக்குள், அடுத்த பத்துப் பேருக்கான மருந்தோடு. என் கையும் ஒரு நாள் அப்படிப் போனது. ரப்பரில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. குப்பியைத் தூக்கிப் போட்டேன். அதற்கு முன்னால் எத்தனை நாள் உறைக்காமல் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. அன்றிலிருந்து மேஜையில் குப்பி கிடையாது, உதவியாளர் வேறு மேஜையில் உறிஞ்சிக் கொண்டுவந்து கொடுப்பார். இரண்டாவது டோஸ் என்றால் இரண்டாவது சிரிஞ்சு. ஒருவருக்கு மட்டுமான சின்ன மருந்துக் குழாயை (கார்ட்ரிட்ஜ்) பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் நல்லது.

அடுத்தது கை. இதைப் பார்ப்பதற்குப் படிப்பே தேவையில்லை. கிளவுஸ் மாட்டுவதற்கு முன் கை கழுவுகிறாரா, மாட்டிய பிறகு அந்தக் கை எங்கெல்லாம் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். வாயில் விரல் வைத்தாயிற்று. பிறகு தலைக்குமேல் விளக்கை இழுக்கிறார். டிராயரைத் திறந்து பஞ்சு எடுக்கிறார். சட்டைப் பையில் போன் அடிக்கிறது, இரண்டு விரலால் எடுத்து, "அப்பறம் கூப்புடறேன்" என்று வைத்துவிட்டு, மறுபடி வாய்க்குள். கிளவுஸ் அவர் கையைக் காப்பாற்றியது, உங்கள் அம்மாவை அல்ல. அடுத்த நோயாளிக்குப் புது கிளவுஸ் மாட்டுவார், ஆனால் விளக்கின் கைப்பிடியும் டிராயரும் போனும் பழையவைதானே. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில் குறைந்தது ஒரு வாரமாவது உயிரோடு இருக்கக்கூடியது. விளக்கின் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை சுற்றி ஆளுக்கு ஆள் மாற்றுகிறவர்களை நம்பலாம். பத்து ரூபாய்ச் சமாச்சாரம்தான், அதைச் செய்கிறவர் மற்றதையும் யோசித்திருப்பார் என்பது என் அனுபவம்.

குப்பைத் தொட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். 2016 விதிகளின்படி பிடுங்கிய பல்லும் இரத்தப் பஞ்சும் மஞ்சளுக்கு, கிளவுஸும் உறிஞ்சு குழாயும் சிவப்புக்கு, ஊசி குத்தினால் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கு. சுவரில் அரசுப் பதிவுச் சான்றிதழ் இருப்பது அவசியம்தான், ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் பிரித்த பையைப் பற்றி அதற்குத் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்று. கிளினிக்கில் அதிகமாக ஆபத்தில் இருப்பவர் நோயாளி இல்லை, கருவி கழுவும் அந்தப் பெண். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவருக்குக் குத்தினால் நூற்றுக்கு 6 முதல் 30 வரை தொற்ற வாய்ப்பு. எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு 3. முதலாவதற்கு மூன்று டோஸ் தடுப்பூசி இருக்கிறது, 0, 1, 6 மாதங்களில். இரண்டாவதற்கு, குத்திய சில மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள், மாத்திரை தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு மூன்றாவது டோஸ் போட வைக்க மறந்திருந்தேன், ஒரு நாள் கழுவும்போது குத்திக்கொண்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சோதனை முடிவு வரும்வரை அந்தப் பெண்ணின் அப்பா தினமும் காலையில் வந்து வாசலில் நின்றார். எதுவும் பேசமாட்டார், நிற்பார்.

இனி எது உறுதி, எது அவ்வளவு உறுதியில்லை என்று பிரித்துவிடுகிறேன். சுத்தம் செய்யாத கருவி, மறுபடி பயன்படுத்திய ஊசி, திறந்து வைத்த திரவம் இவற்றால் நோய் பரவும் என்பது உறுதி. பல் வைத்தியத்தில் அது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பது அத்தனை தெளிவாக இல்லை. காரணம் எளிது. ஹெப்படைட்டிஸ் பி உடலுக்குள் போய் அறிகுறி தெரியச் சராசரியாக மூன்று மாதம் ஆகும், பலருக்கு அறிகுறியே வராது. மூன்று மாதத்துக்கு முன் பல் பிடுங்கியதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? 2013-ல் அமெரிக்காவின் டல்சா நகரில் ஒரு பல் கிளினிக்கில் சுத்தம் சரியில்லை என்று தெரிந்து, சுமார் 7,000 நோயாளிகளைச் சோதனைக்கு அழைத்தார்கள். பலருக்கு ஏதோ ஒரு வைரஸ் இருந்தது. ஆனால் மரபணுவை ஒப்பிட்டு, இங்கேதான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வந்தது என்று நிரூபிக்க முடிந்தது ஹெப்படைட்டிஸ் சி விஷயத்தில் ஒரே ஒருவருக்கு. புளோரிடாவில் எச்.ஐ.வி. இருந்த ஒரு பல் மருத்துவரிடம் வைத்தியம் பார்த்த ஆறு பேருக்கு அவருடைய வைரஸே வந்தது என்று 1990-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. எந்த வழியாக வந்தது என்பது கடைசிவரை முடிவாகவில்லை. எச்.ஐ.வி. பயத்தால் பல் வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு என் பதில், பயப்பட வேண்டிய வரிசையில் அது பின்னால் இருக்கிறது என்பதே.

நாற்காலியிலிருந்து பீச்சும் தண்ணீர் இன்னொரு பாதி உறுதியான விஷயம். மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் ராத்திரி முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றால் உள்சுவரில் பாசி மாதிரி வழுவழுப்பு படியும், அது உறுதி. ஆரோக்கியமான ஒருவருக்கு அதனால் என்ன கெடுதல் என்பதற்குச் சான்று குறைவு. வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் கெடுதல் நடந்திருக்கிறது. இத்தாலியில் 2011-ல் 82 வயது மூதாட்டி ஒருவர் இந்தக் குழாய் நீரிலிருந்து வந்த லீஜியோனெல்லா என்ற பாக்டீரியாவின் நிமோனியாவால் இறந்தார். அமெரிக்காவின் ஜார்ஜியாவிலும் கலிபோர்னியாவிலும் 2015, 2016-ல் பால் பல்லுக்குள் இருக்கும் சதையை நீக்கும் சிகிச்சை செய்த குழந்தைகளுக்குத் தாடையில் தொற்று வந்தது. ஆகவே பல் பிடுங்கிய குழியைக் கழுவ இந்தக் குழாய் நீரைப் பயன்படுத்தக் கூடாது, புதிதாகத் திறந்த சலைன்தான். தொடங்கும் முன் மருந்து நீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொல்வார்கள். தெறிக்கும் துளிகளில் கிருமி குறைகிறது என்பது உண்மை, அதனால் தொற்று குறைகிறதா என்பது நிரூபணமாகவில்லை. கெடுதல் இல்லாததால் நானும் செய்கிறேன்.

இன்னொரு தப்பான முடிவுக்கும் போக வேண்டாம். பிடுங்கிய மூன்றாம் நாள் அம்மாவுக்கு விண்ணென்று வலித்து வாடை அடித்தால், "கருவி சுத்தமில்லை" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது குழியில் உறைந்த இரத்தக்கட்டி கரைந்து எலும்பு தெரிவதால் வரும் வலி. மிகச் சுத்தமான இடத்திலும் வரும். போய்க் காட்டினால் மருந்து வைத்துவிடுவார்கள். காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, தாடைக்குக் கீழே பரவும் வீக்கம், விழுங்கக் கஷ்டம் வந்தால் அது வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு வயசான அமுச்சி என் நாற்காலியில் உட்கார்ந்தார். பேரன் கூட வந்திருந்தான். நான் குறடைக் கையில் எடுத்ததும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார். "ஏஞ்சாமி, இந்தக் கொறடு இதுக்கு முன்னால ஆரு வாயில இருந்துச்சு?" பேரனுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். கருவி சுத்தமானதுதான், அன்றைக்குக் காலையில் ஆட்டோகிளேவ் ஆனது. ஆனால் அதை அவர் எப்படி நம்புவார்? நான் முன்கூட்டியே பிரித்துத் தட்டில் பரப்பி வைத்திருந்தேன். அவர் கண்ணுக்கு அது வெறும் மேஜைமேல் கிடந்த இரும்பு. எழுந்து போய் இன்னொரு பையை எடுத்து வந்து அவர் கையிலேயே கொடுத்துப் பிரிக்காமல் பார்க்கச் சொன்னேன். தடவிப் பார்த்து, "ம், இது புதுத்துணி மாதர இருக்குது, இத வெச்சுப் புடுங்கு" என்றார். அப்புறம்தான் என் கிளினிக்கில் எந்தப் பையையும் நோயாளி உட்கார்வதற்கு முன் பிரிப்பதில்லை என்ற வழக்கம் வந்தது. வழிகாட்டு நூல்களில் நான் படித்தும் செய்யாத ஒன்றை அவர் ஒரு கேள்வியில் செய்ய வைத்தார்.

ஆகவே கேளுங்கள். "நீங்க சுத்தமா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். "ஏனுங்க டாக்டர், அம்மாவுக்குச் சக்கரை இருக்குதுங்க, அதனால கொஞ்சம் பயமுங்க. கருவி பை எங்க முன்னால பிரிப்பீங்களா? சலைன் பாட்டில் புதுசு திறப்பீங்களா? காசு சேத்திக் குடுத்தர்றோமுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பழியைச் சர்க்கரைமேல் போட்டுவிட்டால் டாக்டருக்கும் மரியாதை, உங்களுக்கும் சங்கடம் இல்லை. முறையாகச் செய்கிறவர் சந்தோஷமாகக் காட்டுவார், சில சமயம் காட்ட வேண்டாததையும் சேர்த்துக் காட்டுவார். எரிந்து விழுந்தால் அதுவும் ஒரு பதில்தான், கோயமுத்தூர் பஸ் ஏறுங்கள். ஆனால் அங்கே கண்ணாடிக் கட்டடத்திலும் இதே இரண்டு கேள்வியைக் கேட்க வேண்டும், தரையில் போட்ட மார்பிளுக்கும் சலைன் பாட்டிலுக்கும் சம்பந்தமில்லை.

நானாக இருந்தால் முதலில் உள்ளூர்க் கைராசிக்காரரிடம்தான் போய்க் கேட்பேன். போகும்முன் கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைச் சோதனையும், அம்மா சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றின் அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், இரத்தம் இளகும் மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் பகுதிக்கு இந்த மாதப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்து அந்த நாளைத் தவிர்த்துவிட்டு, காலை நேரமாக வாங்குங்கள். வெறும் வயிற்றில் கூட்டிப்போக வேண்டாம். இட்லியோ களியோ வழக்கம்போலச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு வரட்டும்.